நீலகிரியின் சோறு எது?

உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்களிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா சிகரம், பல்சக்கர ரயில் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். "அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் மட்டும் சற்றே விழிப்பார்கள். "சாப்பாட்டுக்கென்ன? காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி குருமா" என்பார்கள். திருநெல்வேலிக்குப் போனவர் அல்வாவைப் பற்றிப் பேசாமலிருப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர் ஆண்டாளைச் சேவித்த கையோடு பால்கோவாவையும் வாங்கி வருகிறார். நீலகிரிக்கு மட்டும் தனக்கென்று ஓர் உணவு கிடையாதா?

"ஊட்டி வர்க்கி இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவந்தான். மொறுமொறுவென்ற அந்தப் பண்டத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் வர்க்கி, தேநீருக்குத் துணை, சோறு ஆகாது. நாம் தேடியது, அந்த மலை தன் விருந்தாளிக்கு மனமுவந்து படைக்கும் முழுச் சாப்பாடு. காலாண்டு விடுமுறையில், கோடைக் கூட்டம் கலைந்து மலை சற்று மூச்சுவிடும் காலத்தில், அதைத் தேடிக்கொண்டு நாம் உதகைக்குப் பயணமானோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். மோட்டாரில் போனால் இரண்டு மணி நேரம். மலை ரயிலில் போனால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாம் ரயிலையே தேர்ந்துகொண்டோம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் இது. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல்வரிசை தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பாறைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் இடையே அடிமேல் அடி வைத்து ஏறுகிறது. பாக்குத் தோப்பு மறைந்து காடு வருகிறது. காடு மறைந்து தேயிலை வருகிறது. குன்னூரை நெருங்கும்போது எங்கு நோக்கினும் தேயிலை. மலைக்கே பச்சைச் சீப்பால் தலை வாரிவிட்டது போல இருக்கிறது. அந்தப் பச்சைக்கும் நாம் தேடி வந்த சாப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் அப்போது நம் புத்திக்கு எட்டவில்லை.

பழைய விடுதியில் இரவுச் சாப்பாடு

உதகையில் பழைமை வாய்ந்த விடுதி எது என்று விசாரித்தால், ஸவாய் ஹோட்டலைச் சொல்லுகிறார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் பிறந்த வருஷம் 1829. ஆதியில் பாதிரிமார்களின் பள்ளிக்கூடமாகத் தோன்றிய இந்த இடம், பிறகு விடுதியாக மாறி, 'ஸில்க்ஸ் ஹோட்டல்' என்ற பெயருடன் நெடுங்காலம் விளங்கியது. இப்போது டாட்டா குழுமத்தைச் சேர்ந்த தாஜ் ஸ்தாபனத்தார் நடத்தி வருகிறார்கள். பள்ளிக்கூடமாயிருந்த இடத்தில் சாப்பிடுவது நம் போன்ற உபாத்தியாயர்களுக்குப் பொருத்தந்தானே என்று எண்ணிக்கொண்டு போஜனசாலைக்குள் நுழைந்தோம்.

"பழைய முறைப்படி ஒவ்வொன்றாகக் கொண்டு வாருங்கள், எல்லாம் சைவமாக இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டோம். பரிசாரகர் வயதானவர். "அப்படியே ஆகட்டும், ஸார்" என்று சொல்லி, புன்சிரிப்புடன் போனார்.

ஆங்கில முறைச் சாப்பாட்டில் முதலில் நம்மை மிரட்டுவது உணவு அல்ல, கருவிகள். தட்டின் இரு பக்கமும் கத்திகளும் முட்கரண்டிகளும் சிப்பாய்களைப் போல அணிவகுத்து நிற்கும். வெளிப்பக்கத்தில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பரிமாறும்போதும் ஒரு ஜோடி குறைந்துகொண்டே வரும். இந்த ரகசியம் தெரிந்தால் பயமில்லை. முதலில் காய்கறி ஸூப் வந்தது. அது போன பிறகு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்ந்த கட்லெட். பிறகு, பாலும் மாவும் சேர்ந்த வெள்ளைக் குழம்பில் மூழ்கி, பாலாடைக்கட்டி தூவிச் சுட்ட முட்டைக்கோஸும் காரட்டும். அதன் பிறகு சர்க்கரைப் பாகில் வேகவைத்த பேரிக்காய். கடைசியில் தேநீர்.

ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே ஓர் இடைவேளை உண்டு. நம் வீட்டுப் பந்தியில் அத்தகைய இடைவேளை கிடையாது. இலையில் உப்பும் ஊறுகாயும் பச்சடியும் கறியும் கூட்டும் அப்பளமும் முதலிலேயே இடம் பிடித்துக்கொள்கின்றன. சாம்பார், ரஸம், மோர் என்ற வரிசையில் சோறு மட்டும் காலத்தைக் காட்டிக்கொண்டு நகர்கிறது. இலைச் சாப்பாடு ஊர்க்கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆஜர். மேஜைச் சாப்பாடு கச்சேரியில் வழக்கு நடப்பதைப் போல. கூப்பிட்ட பிறகு ஒவ்வொருவராக வர வேண்டும்.

ஒரு வேடிக்கையை இங்கே சொல்ல வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது ஆங்கிலேயரின் பரம்பரை வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. இந்த விடுதி தோன்றிய காலத்தில் இங்கிலாந்திலேயே, பிரெஞ்சு முறை என்ற பெயரில், பல பண்டங்களை ஒருசேர மேஜையில் பரப்பி வைத்துத்தான் சாப்பிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு ருஷ்ய முறை என்றே பெயர். ஆக, துரைமார்களின் 'பழைய முறை'யும் ஒரு காலத்தில் புது நாகரிகந்தான்! 'ஆதிமுதல் இப்படித்தான்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த ஆதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானியர் விருந்து

அந்த இடைவேளைகளில் ஒன்றில் நமக்கு ஜப்பான் தேசத்து விடுதிகளின் நினைவு வந்தது. அங்கும் ஒவ்வொன்றாகப் பரிமாறும் விருந்து உண்டு. 'ரியோகான்' என்பது அவர்களுடைய பழைய பாணிச் சத்திரம். யமனாஷி மாகாணத்தில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்று விடுதி கி.பி. 705-இல் தோன்றியதென்றும், உலகத்திலேயே மிகப் பழைய விடுதி அதுவே என்றும் கின்னஸ் புத்தகம் குறித்திருக்கிறது. விருந்தாளி பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு, பாய் விரித்த அறையில் தரையில் உட்கார வேண்டும். குட்டையான மேஜையில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் உணவு வரும். அந்த விருந்துக்குக் 'கைசெகி' என்று பெயர்.

அந்தப் பெயரின் வரலாறு ரஸமானது. அந்தச் சொல்லை எழுதும் ஒரு முறைக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். பௌத்தத் துறவிகள் பசியை அடக்குவதற்காகக் கல்லைச் சூடாக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார்களாம். அந்தக் கல்லின் சூட்டைப் போல, பசியைச் சற்றே ஆற்றும் எளிய உணவு என்பது கருத்து. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸென் நோ ரிக்யு என்ற பெரியார், தேநீர் அருந்துவதை ஒரு தவமாகவே வகுத்தார். வெறும் வயிற்றில் கடுந்தேநீர் ஒத்துக்கொள்ளாது அல்லவா? ஆகையால் தேநீருக்கு முன் சிறிது உணவு. ஒரு ரஸம், மூன்று பதார்த்தம், அவ்வளவுதான். அந்தத் துறவிச் சாப்பாடுதான் நாளடைவில் வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு முறை பரிமாறும் ராஜபோஜனமாயிற்று. முதலில் சிறு தீனி, பிறகு தெளிந்த ரஸம், அப்பால் பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது என்று வந்து, முடிவில் சோறும் மிஸோ ரஸமும் ஊறுகாயும் வரும். நாம் மோர்ச் சாதமும் ஊறுகாயுமாக முடிப்பதைப் போலவே அவர்களும் சோறும் ஊறுகாயுமாக முடிக்கிறார்கள். ஆசியாக் கண்டத்தின் வயிறு ஒன்றுதான் போலும்!

கைசெகியின் உயிர்நாடி, வரிசை அல்ல, பருவமும் இடமும். எந்த மாதத்தில் எந்த மலையில் எது விளைகிறதோ அது கிண்ணத்தில் இருக்க வேண்டும். வசந்தத்தில் மூங்கில் குருத்து, இலையுதிர் காலத்தில் காளான். மலையோரத்து விடுதியானால் ஆற்று மீனும் காட்டுக் கீரையும். விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாலும், தாம் இருப்பது எந்த ஊர், இது எந்த மாதம் என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். ஜப்பானியரின் உணவு மரபை 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டதற்கு, இயற்கையை மதிக்கும் இந்தக் குணமும் ஒரு காரணம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் முன்னே இருந்த தட்டைப் பார்த்தோம். உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், காரட், பேரிக்காய், தேநீர். எல்லாம் நீலகிரியில் விளையக்கூடியவை. ஆனால் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன் நீலகிரியில் இருந்த ஒருவரை அழைத்து வந்து இந்த மேஜையில் உட்கார வைத்தால், அவர் இவற்றில் எதையாவது அடையாளம் கண்டுகொள்வாரா? ஒன்றைக்கூடக் கண்டுகொள்ள மாட்டார்.

தட்டிலே சரித்திரம்

கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1819-ஆம் வருஷம் மலையேறினார். 1822-இல் உதகையில் கல்வீடு ஒன்று கட்டத் தொடங்கினார். அந்த வீடுதான் இன்று அரசினர் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் 'ஸ்டோன் ஹவுஸ்'. ஸல்லிவன் துரை வீடு கட்டியதோடு நிற்கவில்லை, தோட்டமும் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலிய சீமைக் காய்கறிகளும் கனிமரங்களும் அவர் காலத்திலிருந்து மலையில் வேரூன்றின. 1830-இல் கவர்னர் லஷிங்டன் கேத்திப் பள்ளத்தாக்கில் அரசாங்கச் சோதனைப் பண்ணை ஒன்றை ஏற்படுத்தினார். டாக்டர் கிறிஸ்டி என்பவர் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை வரவழைத்தார்; அவை வந்து சேருமுன் அவர் காலமானார். ஆயினும் செடிகள் வந்தன. சில கேத்திப் பண்ணையில் இடம்பெற்றன. இன்று மலையை மூடியிருக்கும் பச்சைக் கம்பளத்தின் முதல் இழை அதுதான். பிற்பாடு தேயிலை, சிங்கோனாத் தோட்டங்களில் வேலை செய்வதற்குச் சீனக் கைதிகளைக் கூட நடுவட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தோட்டம் போடுவதற்கு நிலம் வேண்டும். அந்த நிலம் வெறும் புல்வெளி என்று பெயர் பெற்றிருந்தது. ஆனால் தோடர்களின் எருமைகளுக்கு அது மேய்ச்சல் நிலம். தோடர்களுக்கோ பால்மனையே கோயில். ஸல்லிவனுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும்: மலை தோடர்களுடைய சொத்து என்றும், அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சர்க்காரோடு வாதாடியவரும் அவரேதான். வாதம் ஏட்டில் நின்றது, நிலம் கைமாறியது.

1834-இல் மெக்காலே உதகைக்கு வந்து கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவைச் சந்தித்தார். சென்னையிலிருந்து உதகை வரையில் நம்மவர்களின் தோள்மேல் பல்லக்கில் வந்தார். அடுத்த வருஷந்தான், நம் தேசத்துக் கல்வியின் போக்கையே மாற்றிய அவருடைய பிரசித்தி பெற்ற குறிப்பு வெளியாயிற்று. நம் பள்ளிக்கூடங்களில் எது பாடம் ஆக வேண்டும், எது ஆகக்கூடாது என்பதை அது தீர்மானித்தது. சாப்பாட்டு விஷயத்தில் அப்படி யாரும் குறிப்பு எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் நேரவில்லை. 1870 முதல் சென்னை ராஜதானியின் கோடைக்காலத் தலைநகரமாயிற்று உதகை. கவர்னர் என்ன சாப்பிட்டாரோ அதுவே மலையின் சாப்பாடு என்று ஆகிவிட்டது.

இவ்வாறு எண்ணமிட்டுக்கொண்டிருக்கையில் பரிசாரகர் தேநீர் கொண்டுவந்தார். பேச்சுக் கொடுத்தோம். மலையிலேயே பிறந்தவர், படகர் வகுப்பினர் என்று தெரிந்தது.

"உங்கள் வீட்டில் விருந்தென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"எங்கள் வீட்டிலா, ஸார்?" என்று அவர் சற்றே கூச்சப்பட்டார். "ராகி ஹிட்டு, அவரை உதக, பண்டிகையானால் எண்ணெ ஹிட்டு. அதெல்லாம் இங்கே யாரும் கேட்கிறதில்லை, ஸார்."

'யாரும் கேட்கிறதில்லை' என்ற அந்த வார்த்தை நம் மனத்தில் தைத்தது.

ஹட்டியில் ஒரு பகல்

அதிர்ஷ்டவசமாக, நம்மிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் குன்னூருக்கு அருகே ஒரு படகர் கிராமத்தில் வசிக்கிறார். படகர்கள் தங்கள் ஊரை 'ஹட்டி' என்கிறார்கள். "ஸார், மலைக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமல் போகலாமா?" என்று அவர் உரிமையோடு அழைத்துப் போனார்.

தேயிலைச் சரிவுக்கு நடுவே வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். வாசலில் காலலம்பத் தண்ணீர். உள்ளே நுழைந்ததும் மாணவர் தம் பாட்டியாருக்கு முன் தலை குனிந்து நின்றார். பாட்டியார் அவர் தலைமீது கை வைத்து, தம் மொழியில் நீளமாக ஆசி கூறினார். சிறியவர் தலைகுனிவதும் பெரியவர் தலைதொட்டு வாழ்த்துவதும் படகர்களின் அன்றாட வந்தனம். பட்டணத்தில் நாம் 'ஹலோ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற காரியத்துக்கு அவர்கள் இவ்வளவு நேரம் செலவிடுகிறார்களே என்று நமக்கு ஒரு பக்கம் வியப்பு. ஒரு பக்கம் வெட்கம்.

சாப்பாடு வந்தது. வெண்கலத் தட்டில் ராகி ஹிட்டு. நம் பக்கத்துக் களியேதான். நடுவில் குழித்து நெய் வார்த்திருந்தார்கள். பக்கத்தில் 'உதக' என்னும் குழம்பு. அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, வீட்டிலேயே வறுத்து இடித்த மசாலாப் பொடி போட்டுக் கொதிக்க வைத்தது. ஹிட்டைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். வெளியே மூடுபனி, உள்ளே தொண்டை முதல் வயிறு வரை இதமான சூடு இறங்கிற்று. ஜப்பானியத் துறவியின் வயிற்றுக் கல் நினைவுக்கு வந்தது. பிறகு சாமைச் சோறும் மோரும். சாமை, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நமக்காகத் தேடி வாங்கி வந்ததாம்.

"முன்பெல்லாம் சாமை இங்கேயே விளையுமே, பாட்டி?" என்று கேட்டோம். மாணவர் மொழிபெயர்த்தார். பாட்டியார் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அவர் சிறுமியாயிருந்தபோது அந்தச் சரிவில் ராகியும் சாமையும் கொறலியும் கோதுமையும் இருந்தனவாம். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் கொள்ளுப்பேரன், "கொறலி என்றால் என்ன?" என்று கேட்டான். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. காட்டுவதற்கு வீட்டில் ஒரு பிடி கொறலி இல்லை.

அந்தத் தானியங்களோடு மலையின் ஒரு சமுதாய ஏற்பாடும் பின்னிக் கிடந்தது. படகர்கள் விளைத்த தானியத்தில் ஒரு பங்கு தோடர்களுக்குப் போகும். தோடர்களிடமிருந்து நெய்யும் பால்பொருளும் வரும். கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்து கொடுத்து, சடங்குகளுக்கு வாத்தியம் வாசித்துத் தானியம் பெறுவார்கள். பாண்டம் வனைபவர்கள் அவர்களுடைய பெண்மக்கள். காட்டிலிருந்து குறும்பர்கள் தேனும் மூங்கில் சாமான்களும் கொண்டு வருவார்கள். இந்த ஏற்பாட்டில் மேல் கீழ் என்ற பேதமும் இருந்தது, அச்சமும் இருந்தது. அதைப் பொற்காலம் என்று புகழ வேண்டியதில்லை. ஆனால் ஒரு வீட்டு அடுப்பில் பானை ஏறினால் நான்கு குலத்தார் கைவேலை அதில் கலந்திருந்தது. கோத்தர் சட்டியில், படகர் ராகி, தோடர் நெய், குறும்பர் தேன். அது அந்த மலையின் கைசெகி! 1930-ஆம் ஆண்டையொட்டி, காசுப் பயிர் பெருகப் பெருக, அந்த ஏற்பாடு கலைந்து போயிற்று.

தேயிலை செய்த மாற்றம்

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? துரைமார்களை மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமல்ல. ராகி வருஷத்துக்கு ஒரு முறை அறுவடை. தேயிலையோ பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை கொழுந்து கொடுக்கிறது. கையில் காசு புரள்கிறது. ராகியையும் சாமையையும் காட்டுப்பன்றி தின்னும், தேயிலையைத் தின்னாது. நியாய விலைக் கடையில் அரிசி கிடைக்கிறது. பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் அனுப்பிப் படிக்க வைத்தது தேயிலைக் காசு. 1964-இல் சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு, இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கஞ்சி வார்த்ததும் இந்த மலையின் தேயிலைதான். அதற்காகவே அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் 1968 முதல் ஏற்பட்டன. தேயிலையைப் பழித்துப் பேசுகிறவர் இவர்களுடைய அடுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உருளைக்கிழங்கின் கதையும் அப்படியே. 'உதக'வில் கிடந்த உருளைக்கிழங்கைச் சுட்டி, "இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்லவா?" என்று நாம் விளையாட்டாகச் சொன்னோம். பாட்டியார் ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்கள் விதைத்து, நாங்கள் தோண்டி, நாங்கள் தின்கிறோம். எங்களுடையதுதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். இருநூறு வருஷ உழைப்புக்குப் பின் அந்த உரிமையை யார் மறுக்க முடியும்? மிளகாய் கூடப் போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான். அது இல்லாமல் நம் வீட்டுச் சாம்பார் ஏது?

ஆயினும் ஒரே பயிரை நம்பிய மலைக்கு அடி விழும்போது பலமாகத்தான் விழுகிறது. 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழு என்ற நோய்ப்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு இம்மலை விதைக் கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது, சிறு விவசாயிகள் வீதியில் இறங்கிப் போராட வேண்டி வந்தது. விலை விழுந்த தேயிலையை வேகவைத்துத் தின்ன முடியாது. ராகியும் சாமையும் விலை போகாவிட்டாலும் வயிற்றுக்கு ஆகும். நம் முன்னோர் நிலத்தில் ஒரு மூலையாவது சோற்றுக்கென்று ஒதுக்கி வைத்ததன் அர்த்தம் இதுதான்.

விசித்திரம் என்னவென்றால், இரண்டு தேசத்திலும் நடுநாயகம் தேயிலையே. ஜப்பானில் தேநீரை மரியாதையோடு அருந்துவதற்காக மலையின் உணவு, ஒழுங்கு பெற்று வளர்ந்தது. நீலகிரியில் தேயிலை வந்ததால் மலையின் உணவு, இடம் இழந்து ஒதுங்கியது. அங்கே தேயிலை விருந்தாளியாக வந்து வீட்டுக்காரரைக் கௌரவித்தது. இங்கே வீட்டையே எடுத்துக்கொண்டது. அங்கே பயிரிட்டவர்களும் அருந்தியவர்களும் ஒரே ஜனங்கள். இங்கே பயிரிட்டது ஒரு கை, பருகியது கடல் கடந்த வேறொரு வாய். வித்தியாசம் இலையில் இல்லை. அது யாருக்காக வளர்ந்தது என்பதில் இருக்கிறது.

இனி என்ன?

சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. மலையில் ஸூப்பும் புட்டிங்கும் கிடைக்கின்றன. பஞ்சாபி ரொட்டியும் சீன நூடுல்ஸும் கிடைக்கின்றன. மலையின் சொந்தச் சோறு மட்டும் சமையலறைப் பின்கட்டில் கூச்சத்தோடு நிற்கிறது. வீட்டில் ஹிட்டு உண்டுவிட்டு வந்து விடுதியில் ஸூப் பரிமாறுகிறவர், தம் சாப்பாட்டைச் சொல்லக் கூசுகிறார். அரசியல் அடிமைத்தனம் ஒரு நாளில் நீங்கலாம். நாவின் அடிமைத்தனம் நீங்க நாளாகும்.

நல்ல குறிகளும் தென்படுகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு முயற்சி எடுத்தது நம் பாரத தேசம். கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனத்தார், மலைமக்களின் தேனுக்கு நியாயமான விலை கிடைக்கப் பாடுபடுவதோடு, பழைய தானியங்களை மறுபடியும் விதைக்கவும் உதவி வருகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகை நடக்கும் ஹட்டிகளில் பழைய பண்டங்கள் இன்னும் மணக்கின்றன.

நீலகிரிக்குப் பருவங்கள் இல்லையா? ஜனவரியில் உறைபனிக்காலத் தேயிலையின் தனி வாசனை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மலைத்தேன். அதையொட்டிப் பிளம்ஸும் பீச்சும், மழைக்காலத்தில் பேரிக்காய். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும், 2018-இல் பூத்தது. இவற்றோடு அவரை, கீரை, ராகி, சாமை, எருமைத் தயிர், பாட்டியார் உரிமை கொண்டாடும் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால், எந்த ஜப்பானிய விடுதிக்கும் இளைக்காத விருந்து ஆகாதா? முதலில் மலைத்தேன் ஒரு சொட்டு. அப்பால் அவரை ரஸம். நெய் வார்த்த ஹிட்டும் உதகவும். சாமைச் சோறும் மோரும். கடைசியில் அந்தச் சரிவிலேயே பறித்த தேயிலையின் நீர். தேயிலையை விரட்ட வேண்டாம். அதற்குரிய ஆசனத்தில் உட்கார வைத்தால் போதும். பழம்பெரும் விடுதிகளின் வெள்ளை மேஜை விரிப்பில் இந்த வரிசை வருமானால், அதைக் கொண்டுவரும் பரிசாரகர் கூச்சப்பட மாட்டார். ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது அதன் பெயரைத் தம் மொழியிலேயே சொல்லுவார்.

இதற்குச் சட்டம் வேண்டாம், சங்கம் வேண்டாம். அடுத்த முறை குடும்பத்தோடு உதகைக்கும் குன்னூருக்கும் போகும் நேயர்கள், விடுதியில் உட்கார்ந்ததும், "ராகி ஹிட்டு கிடைக்குமா? சாமைச் சோறு உண்டா?" என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். முதல் நாள் 'இல்லை' என்பார்கள். பத்துப் பேர் விசாரித்தால் யோசிப்பார்கள். நூறு பேர் விசாரித்தால், எங்கேயோ ஒரு ஹட்டியில், தேயிலைக்கு நடுவே ஒரு மூலையில், யாராவது ஒருவர் சாமை விதைப்பார். உண்பார் கேட்டால்தான் உழுவார் விதைப்பார்.